கடல்மட்டத்திலிருந்து நுவரெலியா வரை: திருகோணமலையில் இருந்துகொண்டு மலைச் சைக்கிளோட்டத்துக்குத் தயாராவது எப்படி

திருகோணமலையின் பெயரில் மலை இருந்தாலும், சைக்கிளில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஏறக்கூடிய மலை எதுவும் ஊரில் இல்லை. கோணேசர் கோயில் அமைந்திருக்கும் சுவாமி மலைக்குக் கோட்டை வாசலிலிருந்து ஏறினால் சில நிமிடங்களில் ஏற்றம் முடிந்துவிடும்; உவர்மலையின் சரிவுகள் அதைவிடவும் குறுகியவை. ஆகவே, மலைநாட்டில் நடைபெறும் நீண்ட தூரச் சைக்கிளோட்டம் ஒன்றில் முதல் தடவையாகக் கலந்துகொள்ள எண்ணும் தம்பிமாரும் தங்கைமாரும் என்னிடம் முதலில் கேட்பது, மலையே இல்லாத ஊரில் எங்கே பழகுவது என்பதுதான். கம்பளையில் தொடங்கும் ஏற்றத்தை ஒருவர் முடிப்பாரா, பாதியில் இறங்கி வண்டியை உருட்டுவாரா என்பது நான்கு மாதங்களுக்கு முன்னரே நிலாவெளி வீதியிலும் கந்தளாய் வீதியிலும் பெருமளவு தீர்மானமாகிவிடுகின்றது என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் மறுமொழி. அதை எப்படிச் செய்வது என்பதை, ஒன்றிரண்டு தடவை தோற்றுக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில், படிப்படியாக இங்கே எழுதுகின்றேன்.

முதலாம் படி: ஏறப்போவது எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

மலையோட்டத்தில் தூரத்தைவிட உயரமே முக்கியம். கம்பளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாகச் செல்லும் வீதியின் நீளம் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதாவது, இடையில் வரும் சிறு இறக்கங்களைச் சேர்க்காமலே 1,400 மீற்றர் அளவுக்கு உங்களையும் வண்டியையும் மேலே தூக்க வேண்டும். உங்கள் எடை 65 கிலோ, வண்டியும் தண்ணீர்ப் போத்தல்களும் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூக்குவேலைக்கு மட்டும் உடல் ஆயிரம் கலோரி வரை எரிக்க நேரும். ஓரளவு பழகிய புதியவர் ஒருவருக்கு இந்த ஏற்றம் மூன்றரை மணி நேரம் முதல் ஐந்து மணி நேரம் வரை எடுக்கலாம்.

இது கடினம் என்று தோன்றினால், நம்மைப் போலவே கிழக்குக் கடற்கரையிலிருந்து புறப்படும் ஓட்டம் ஒன்றையும் அறிந்திருப்பது நல்லது. தாய்வானில் ஆண்டுதோறும் நடைபெறும் மலையரசன் போட்டி ஹுவாலியன் கடற்கரையில் தொடங்கி, 105 கிலோமீற்றர் தூரத்தில், 3,275 மீற்றர் உயரத்திலுள்ள வூலிங் கணவாயில் முடிவடைகின்றது. அதாவது கடல்மட்டத்திலிருந்து பிதுருதலாகலையின் உச்சியையும் தாண்டி ஏறுகிறார்கள். 2017இல் அதை வென்றவர் இத்தாலியரான வின்சென்சோ நிபாலி. அங்கு போகும் பெரும்பாலானோர் அவரைப் போன்ற தொழில்முறை ஓட்டவீரர்கள் அல்லர். காலையில் பயிற்சியை முடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் சாதாரண மனிதர்கள்தான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், வீட்டில் இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரிடம் காட்டி, இரத்த அழுத்தத்தையும் இருதயத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இரண்டாம் படி: காலத்தைத் தெரிவுசெய்யுங்கள்

நமக்கும் மலைநாட்டுக்கும் மழைக்காலங்கள் வேறுபடுகின்றன. திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலோ மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கு மழையும் மூடுபனியும் இருக்கும். ஆகவே நமக்குப் பயிற்சிக்கு உகந்த காலம் மலையேறுவதற்கு உகந்ததாக இருப்பதில்லை. என் தெரிவு பெப்ரவரி இறுதியும் மார்ச்சும். மலைநாட்டு வீதிகள் அப்போது பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஏப்ரல் வசந்தகாலக் கூட்டமும் வாகன நெரிசலும் இன்னும் தொடங்கியிருக்காது. அதற்காக நவம்பர், டிசம்பர் மழையில் பயிற்சி செய்ய வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈரவீதியில் பிறேக் பிடிக்கக் கற்றுக்கொள்ளாதவர் இறம்பொடையில் தூறல் விழுந்தால் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் படி: வண்டியை மலைக்கு ஏற்றதாக ஆக்குங்கள்

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. ஆனால் கியர் இல்லாத வண்டியில் இந்த ஏற்றத்தை முயலாதீர்கள். நம் தெருக்களில் ஓடும் ஒற்றைக் கியர் லுமாலா போன்ற துவிச்சக்கரவண்டியின் முன் பற்சில்லில் 44 பற்களும் பின் பற்சில்லில் 18 பற்களும் இருந்தால், பெடலை நிமிடத்துக்கு 60 தடவை மிதிக்கும்போது வண்டி மணிக்கு 18 கிலோமீற்றருக்கு மேல் போகும். நூற்றுக்கு எட்டு மீற்றர் உயரும் சரிவில் அந்த வேகத்தைத் தக்கவைக்க 300 வாற்றுக்கு மேல் வலு வேண்டும். பழகாதவர் அதைச் சில நிமிடங்களுக்குமேல் கொடுக்க முடியாது. அதே சரிவில் முன்னே 34 பற்களும் பின்னே 32 பற்களும் கொண்ட வண்டியை அதே 60 சுற்றில் மிதித்தால், மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில், 150 வாற் அளவு வலுவுடன் ஏறிக்கொண்டே இருக்கலாம். அதனால் புதிய வண்டி வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன்னர், இருக்கும் வண்டியின் பின்சில்லுப் பல்லடுக்கைப் பெரிதாக மாற்ற முடியுமா என்று சைக்கிள் திருத்துநரிடம் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாவில் முடியும் வேலை, பல மாதப் பயிற்சி தரும் பலனைத் தரக்கூடும்.

சீற்றின் உயரத்தையும் அன்றே சரிசெய்துவிடுங்கள். பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் முழுவதும் நீண்டிருக்க வேண்டும். பின்னர் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்காலில் சிறு மடிப்பு மிஞ்சும். நம்மில் அநேகர் சீற்றைத் தாழ்த்தி வைத்து ஓடி, முழங்கால் நோவைப் பயிற்சியின் பயன் என்று எண்ணிக்கொள்கின்றனர்.

கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னொரு தொல்லை உண்டு. நிலாவெளி வீதியில் ஓடிவிட்டு வந்து வண்டியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டால் உப்புக்காற்று இரண்டு வாரங்களில் செயினைத் துருப்பிடிக்க வைத்துவிடும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, பழைய பல்தூரிகையால் மண்ணெண்ணெய் தடவித் தேய்த்து, காய்ந்தபின் கண்ணிக்கு ஒரு துளி வீதம் எண்ணெய் விட்டு, மேலதிகத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். புதிய செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது அது 12 அங்குலத்தைவிட ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பற்சில்லுகளும் தேய்ந்து செலவு பெருகும்.

ரியூப் மாற்றுவதையும் ஒட்டுப் போடுவதையும் உங்கள் கைகளே செய்ய வேண்டும். 1913இல் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் ஏழேன் கிறிஸ்ரோப் என்ற வீரர் துர்மலே மலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் முன்கவை முறிந்துவிட்டது. அக்கால விதிப்படி பிறர் உதவி பெறக்கூடாது என்பதால், அவர் வண்டியைச் சுமந்துகொண்டு அடிவாரக் கிராமத்துக்கு நடந்துபோய், கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே கவையைக் காய்ச்சி ஒட்டினார். துருத்தியை ஊதிக்கொடுத்தது ஒரு சிறுவன் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதிக்கப்பட்டது. உங்களிடம் அவ்வளவையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ரியூப், இரண்டு ரயர் நெம்பி, ஒரு கைப்பம்ப் இருந்தால் போதும்.

நான்காம் படி: காற்றில் மலையைக் கண்டுகொள்ளுங்கள்

சமதரையில் மலையைப் பழக நமக்கு இருக்கும் ஒரே வழி எதிர்காற்று. அந்தச் செல்வத்தில் திருகோணமலைக்குக் குறைவில்லை. மணிக்கு 22 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றுக்கு எதிராக நீங்கள் 18 கிலோமீற்றர் வேகத்தில் போனால், காற்று உங்களைப் பின்தள்ளும் விசை, நூற்றுக்கு நான்கு மீற்றர் உயரும் சரிவில் மலை பின்னிழுக்கும் விசைக்கு ஏறத்தாழச் சமமாகும். மலையைப் போலவே எதிர்காற்றும் மிதிப்பதை நிறுத்த விடாது. நிறுத்தினால் வண்டி உடனே தளர்ந்துவிடும். இறம்பொடைக்கு மேல் உங்களைச் சோதிக்கப்போவதும் இந்த இடைவிடாத மிதிப்புதான்.

வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான், தென்மேற்கே கந்தளாய் நோக்கிச் செல்லும் வீதியில் முகத்தில் அறையும். மார்கழி, தை மாதங்களின் வாடை, நிலாவெளியிலிருந்து இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டிக் குச்சவெளிக்குப் போகும் வீதியில் வலப்பக்கத்து எதிர்காற்றாக நிற்கும். போகும்போது காற்றை எதிர்த்தும், திரும்பும்போது காற்றோடும் வரும்படி வழியைத் தெரிவுசெய்யுங்கள். மாற்றிச் செய்தால், களைத்தபின் காற்றை எதிர்த்து வீடு சேர வேண்டியிருக்கும். கச்சான் வெயிலோடு வலுக்கும் காற்று என்பதால், அதைத் தேடி உச்சிவெயிலில் போய்விடாமல், காலை எட்டு மணிக்குமுன் கிடைப்பதை வைத்தே பழகுங்கள். கந்தளாய்க்கு அப்பால், ஹபரணை நோக்கிய பகுதியில் விடியுமுன்னும் பொழுதுபட்டபின்னும் யானைகள் வீதியைக் கடக்கும். அந்த நேரங்களில் அங்கு போகவே வேண்டாம்.

பதினாறு வாரங்களை நான் பின்வருமாறு பிரித்துக்கொள்வேன். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம். அவற்றில் இரண்டு நாட்கள் வெறும் ஒரு மணி நேரம், பக்கத்தில் வருபவரோடு முழு வசனத்தில் பேசக்கூடிய அளவு மெதுவாக. ஒரு நாள் எதிர்காற்றில் கடும் பயிற்சி: தொடக்கத்தில் பத்து நிமிடம் வீதம் மூன்று தடவை, இடையே ஐந்து நிமிட ஓய்வு, பன்னிரண்டாம் வாரத்தில் அது இருபது நிமிடம் வீதம் மூன்று தடவையாக வளர்ந்திருக்க வேண்டும். இதில் மூச்சு வாங்கும். இரண்டு மூன்று சொற்களுக்குமேல் பேச வராது. ஆனால் கடைசித் தடவையையும் முதல் தடவையின் வேகத்திலேயே முடிக்க வேண்டும். வார இறுதியில் நீண்ட ஓட்டம்: முதலில் 40 கிலோமீற்றர், அதாவது குச்சவெளிக்குப் பாதி வழியைச் சற்றுத் தாண்டித் திரும்பிவிடலாம், பின்னர் குச்சவெளி போய்த் திரும்பும் 65 கிலோமீற்றர், கந்தளாய் போய்த் திரும்பும் 80 கிலோமீற்றர், இறுதியில் புல்மோட்டை போய்த் திரும்பும் 110 கிலோமீற்றர். மூன்று வாரம் கூட்டியபின் நான்காம் வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். உடல் வலுப்பெறுவது அந்த ஓய்வு வாரத்தில்தான் என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. நானும் நம்பாமல் ஒன்பதாம் வாரத்தில் காய்ச்சலில் படுத்தேன்.

இவற்றோடு, பத்து நாட்களுக்கு ஒரு தடவையாவது உவர்மலைச் சரிவில் எட்டுப் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். அங்கே பெறும் பயன் வலுவைவிடக் கைப்பழக்கமே: கியரை எப்போது மாற்றுவது, சீற்றிலிருந்து எழுந்து மிதித்தால் எப்படி இருக்கும், கைப்பிடியை இறுக்காமல் தோளைத் தளர்த்தி வைப்பது எப்படி என்பவை. கோணேசர் வீதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அது அடியார்கள் நடந்துபோகும் வழி. கோட்டைக்குள் மான்கள் எந்த நேரத்திலும் குறுக்கே பாயும். அங்கே போவதானால் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுக் கும்பிடப் போங்கள்.

இந்தப் பதினாறு வாரத்தில் கடினமானது எதிர்காற்றும் அல்ல, புல்மோட்டையும் அல்ல. செவ்வாய்க்கிழமை காலை நாலரை மணிக்கு, வெளியே மழை தூறும்போது, யாரும் பார்க்காத, எவரும் பாராட்டாத ஒரு மணி நேர மெதுவோட்டத்துக்காக எழும்புவதுதான் கடினம். அதற்கு ஊக்கம் தேடி அலைவதைவிட, இரவே உடுப்பை எடுத்துவைத்து, போத்தலை நிரப்பி, ரயருக்குக் காற்றடித்துவிட்டுப் படுப்பது பயன் தரும். வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான்கு மாதம் ஞாயிறு காலைச் சந்தைக்கு யார் போவது, பிள்ளையை வகுப்புக்கு யார் ஏற்றிச் செல்வது என்பவற்றைத் தீர்க்காமல் தொடங்கிய பயிற்சிகள் ஆறாம் வாரத்தில் நின்றுபோனதை நான் பல வீடுகளில் கண்டிருக்கின்றேன்.

ஐந்தாம் படி: சைக்கிளில் இருந்தபடி உண்ணப் பழகுங்கள்

மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும். பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கும்; கதலி என்றால் இரண்டு வேண்டும். பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, சிறு துண்டு பனங்கட்டி என்பன சட்டைப் பையில் அடங்கக்கூடியவை. போத்தலில் ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பன்னிரண்டு மட்டமான தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய்ச் சாறு என்று கலந்தால், கடையில் வாங்கும் விளையாட்டுப் பானத்துக்கு அது எவ்வகையிலும் குறைந்ததல்ல. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கையில் வயிறு நிறைய வெறும் தண்ணீர் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைசுற்றலும் வாந்தியும் வரக்கூடும்.

காலை உணவை ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னர் எடுங்கள். இடியப்பமும் வாழைப்பழமும் எனக்குப் பொருந்துகின்றன; தேங்காய்ப்பூ அதிகம் சேர்ந்த புட்டு ஏற்றத்தில் வயிற்றைக் கனக்க வைக்கின்றது. உங்கள் வயிறு எதை ஏற்கும் என்பதை நீண்ட ஓட்ட நாட்களில் சோதித்துப் பாருங்கள். போட்டி நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். பசி தெரிந்தபின் உண்பது பிந்திய செயல். என் முதல் ஏற்றத்தில், உடல் நன்றாக இருக்கின்றது என்ற பெருமிதத்தில் புசல்லாவை வரை எதுவும் உண்ணாமல் போனேன். இறம்பொடைக்குச் சற்று மேலே கால்கள் திடீரென்று என்னுடையவை அல்லாதவை போலாகி, தேநீர்க்கடை வாங்கில் முக்கால் மணி நேரம் அமர்ந்து, சீனி கூடப் போட்ட தேநீரும் பணிசும் உண்ட பின்னரே எழும்ப முடிந்தது.

ஆறாம் படி: ஓர் ஒத்திகை

போட்டிக்கு ஐந்து வாரம் முன்னர், நண்பர்கள் நால்வர் சேர்ந்து சிறு வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வண்டிகளை ஏற்றிக்கொண்டு 180 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கண்டிக்குப் போய் இரவு தங்கி, மறுநாள் உண்மையான மலையில் இரண்டு மணி நேரமாவது ஏறிப் பாருங்கள். எத்தனை மீற்றர் உயரம் எத்தனை நிமிடத்தில் ஏறினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 500 மீற்றர் உயரம் ஏற முடிந்தால், ஏற்பாட்டாளர்கள் விதிக்கும் இறுதி நேரத்தோடு அதை ஒப்பிட்டு, முடிக்க முடியுமா என்பதை நீங்களே கணக்கிடலாம். முடியாது என்று கணக்குச் சொன்னால் அந்த ஆண்டு பார்வையாளராகப் போங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கடைசி இரண்டு வாரத்தில் தூரத்தைக் குறைத்து, தூக்கத்தைக் கூட்டுங்கள்.

ஏழாம் படி: அன்றைய ஏற்றம்

செல்வச்சந்நிதியிலிருந்து நம் ஊர் வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் முதல் நாளில் நடக்கும் அதே வேகத்தில்தான் வெருகலைத் தாண்டியும் நடப்பார்கள். மலையேறுவதும் அவ்வாறே. தொடக்கத்தில் எல்லோரும் உங்களைக் கடந்து போவார்கள், போகட்டும். முதல் ஒரு மணி நேரம் பேசக்கூடிய அளவிலேயே ஏறுங்கள். சமதரையில் முன்னால் போகும் வண்டியின் பின்னால் ஒதுங்கினால் காற்றின் எதிர்ப்பு மிச்சமாகும். மணிக்கு 8 கிலோமீற்றரில் ஏறும்போது அதனால் பயன் ஏறக்குறைய இல்லை என்பதால், பிறருடைய வேகத்தைப் பிடிக்க முயன்று உங்களை எரித்துக்கொள்ளாதீர்கள். சரிவு கடுமையாவதற்கு முன்னரே கியரைக் குறையுங்கள். முழுப் பாரத்தோடு மாற்றினால் செயின் கழன்றுவிடும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வாய் உணவு, இரண்டு மிடறு பானம். இடப்பக்கத்தை விட்டு விலகாதீர்கள். சரிவைத் தணிக்க வீதியில் வளைந்து வளைந்து ஏறுவது பஸ்கள் திரும்பும் வளைவுகளில் உயிருக்கு ஆபத்து. இறம்பொடையில் உள்ள சிறு சுரங்கப் பாதைக்காகவும் மேலே வரக்கூடிய மூடுபனிக்காகவும் முன்னும் பின்னும் விளக்கு இருக்க வேண்டும்.

எட்டாம் படி: இறக்கம்

ஏற்றத்துக்கு நான்கு மாதம் தயாராகும் பலர் இறக்கத்துக்கு ஒரு நாளும் தயாராவதில்லை. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நம் கடற்கரை வெயிலில் பழகிய உடல், வியர்வையில் நனைந்த சட்டையோடு நுவரெலியாவின் குளிரில் காற்றைக் கிழித்து இறங்கும்போது பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். விரல்கள் விறைத்தால் பிறேக் பிடிக்க வராது. மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையும் கையுறையும் கொண்டுபோங்கள்; அவை இல்லாதபோது பழைய செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சின் மேல் செருகுவது ஐரோப்பிய வீரர்களின் பழைய வழக்கம், அது இன்றும் வேலை செய்கின்றது.

பிறேக்கை மெதுவாக இறுக்கிப் பிடித்தபடியே இறங்காதீர்கள். சில்லின் விளிம்பு சூடேறி ரியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்னர் நேர்வீதியில் இரு பிறேக்குகளையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிறேக்கை விட்டு, வெளிப்பக்கத்துக் காலைக் கீழே அழுத்தி, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் பள்ளத்தை நோக்கியே போகும். தலைக்கவசத்தின் பட்டி தாடைக்குக் கீழே ஒரு விரல் மட்டுமே நுழையும் அளவில் இறுகியிருக்கின்றதா என்று, இறங்கத் தொடங்குமுன் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.